கடைக்கும் தொழிலுக்கும் லோகோ வரைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு தொழில் செய்வோருக்கும் கடை நடத்துவோருக்கும் லோகோ வரைந்து கொடுப்பது என் வேலை. எண்ணெய் விற்பவர், இனிப்புக் கடைக்காரர், பனியன் தைத்து அனுப்புபவர் என்று வருபவர்கள் மாறினாலும் அவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடுமானவரை கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் இந்தியாவுக்கும், பெயர்ப்பலகை விதி தமிழ்நாட்டுக்கும் உரியவை.

1. லோகோ என்றால் சரியாக என்ன? கடைப் பெயரை அழகாக எழுதிவிட்டால் அது லோகோ ஆகாதா?

தாராளமாக ஆகும். பார்த்த மாத்திரத்தில் "இது இன்னாருடையது" என்று பிரித்து அறிய வைக்கும் எந்த வடிவமும் லோகோதான். சிலர் பெயரை மட்டும் தனித்த எழுத்து வடிவில் எழுதிக்கொள்கிறார்கள். சிலர் பெயரின் முதலெழுத்தைச் சின்னமாக்குகிறார்கள். சிலர் ஓர் உருவத்தையும் பெயரையும் சேர்த்து வைக்கிறார்கள். பெயரே இல்லாமல் உருவத்தை மட்டும் காட்டினாலும் அறியப்படும் நிலைக்கு வந்தவை மிகச் சில.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது பெயரெழுத்தைத்தான், ஏனென்றால் வாங்குபவர் பெயரைச் சொல்லித்தான் பொருளைக் கேட்கப்போகிறார். இதற்கு ஒரு விலக்கு நம் ஊரிலேயே உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்த காலத்தில் யானை மார்க், மயில் மார்க் என்று படத்தைச் சொல்லியே மக்கள் சரக்குக் கேட்டார்கள். அங்கே படமே பெயராக இருந்தது. உங்கள் பெயரும் அப்படி ஒரு படமாக இருந்தால் படத்தை வையுங்கள். இல்லையென்றால் பெயரை நன்றாக எழுதுவதில் உழைப்பைச் செலுத்துங்கள்.

2. நாங்கள் என்ன விற்கிறோம் என்பது லோகோவைப் பார்த்ததும் தெரிய வேண்டாமா?

வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. மரச்செக்கு எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையின் அடுக்கில் இருக்கும் பாட்டில்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்றில் செக்கு, அடுத்ததில் செக்கும் மாடும், அதற்கடுத்ததில் எண்ணெய்த் துளி, பிறகு துளிக்குள் பச்சை இலை என்றிருக்கும். ஒவ்வொருவரும் தம் தொழிலைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறார்கள். அதனாலேயே யாருடையது எது என்று தெரியாமல் போய்விட்டது. போன மாதம் வாங்கிய அதே எண்ணெயை வாங்க வந்தவர் பக்கத்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு போவார்.

பாரத ஸ்டேட் வங்கியின் சின்னம் ஒரு நீல வட்டம், நடுவில் ஒரு சிறு வட்டம், அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு வெட்டு, அவ்வளவுதான். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைச் சேர்ந்த சேகர் காமத் 1971இல் வரைந்தது அது. அதில் ரூபாய் நோட்டும் இல்லை, நாணயமும் இல்லை. ஆனாலும் நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்திலிருந்து பார்த்தால்கூட எந்த வங்கி என்று தெரிந்துவிடுகிறது. நீங்கள் என்ன விற்கிறீர்கள் என்பதைச் சொல்லப் பெயருக்குக் கீழே "மரச்செக்கு நல்லெண்ணெய்" என்று ஒரு வரி போதும். லோகோவின் வேலை அடையாளம் காட்டுவது.

3. டிசைனரைப் பார்க்க வருமுன் நான் என்னவெல்லாம் முடிவு செய்திருக்க வேண்டும்?

முதலில் பெயர், அதுவும் எழுத்துக்கு எழுத்து. "ஸ்ரீ" உண்டா இல்லையா, இனிஷியல் வருமா, "அன் சன்ஸ்" பெயரோடு சேர்ந்ததா தனியா, ஆங்கிலத்தில் ஒரு "ஏ"யா இரண்டு "ஏ"யா என்பவை பாதி வேலை முடிந்தபின் மாறினால் எல்லாவற்றையும் மீண்டும் வரைய வேண்டியிருக்கும். அடுத்து, வாங்குபவர் யார் என்பதும் லோகோ எங்கெல்லாம் வரப்போகிறது என்பதும் தெரிய வேண்டும். தெருவில் வைக்கும் பலகை, பாக்கெட், பில், வேன், வாட்ஸ்அப் படம் ஆகியவற்றுள் உங்களுக்கு முதன்மையானது எது என்று சொல்ல முடிந்தால் வடிவமைப்பாளருக்குப் பெரிய உதவி. உங்கள் தெருவிலும் உங்கள் தொழிலிலும் இருக்கும் மற்றவர்களின் பலகைகளைச் செல்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். எதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பது அவற்றைப் பார்த்தால்தான் தெரியும்.

இவற்றைவிட முக்கியமானது, முடிவெடுப்பவர் யார் என்பது. அப்பா, அண்ணன், பங்குதாரர், மைத்துனர் என்று யாருடைய சம்மதம் கடைசியில் தேவையோ அவர் முதல் பேச்சிலேயே உடன் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் வீட்டுப் பெரியவர் ஒருவர் பார்த்து "நம்ம பழைய தாமரை எங்கே?" என்று கேட்பதால் நின்றுபோகும் வேலைகள் பல. அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கும்; தாமரையைப் பற்றி முன்பே சொல்லியிருந்தால் அதிலிருந்தே தொடங்கியிருக்கலாம்.

4. அடுத்த வெள்ளிக்கிழமை கடை திறப்பு. அதற்குள் முடியுமா?

ஒரு பெயர்ப்பலகையை முடிக்கலாம். லோகோவை முடிப்பது கடினம். பேசித் தெரிந்துகொள்ளுதல், சந்தையில் இருப்பவற்றைப் பார்த்தல், பென்சிலால் பல வழிகளில் வரைந்து பார்த்தல், அவற்றுள் தேறியவற்றைக் கணினியில் ஏற்றுதல், உங்களுக்குக் காட்டித் திருத்துதல், உண்மை அளவில் அச்சிட்டுச் சோதித்தல், கோப்புகளைத் தயார் செய்தல் என்று வேலை போகும். இதற்கு மூன்று முதல் ஆறு வாரம் வைத்துக்கொள்வது நல்லது. அதில் பெரும்பகுதி காகிதத்தில் நடக்கிறது. கணினிக்கு விரைந்து போனால் முதலில் தோன்றியதே அழகாகத் தெரியத் தொடங்கி, மற்ற வழிகள் அடைபட்டுவிடும்.

திறப்பு விழா தள்ளிப்போகாது என்றால், பெயரைத் தெளிவான எழுத்தில் ஃபிளெக்ஸில் எழுதித் திறந்துவிடுங்கள். ஆக்ரிலிக் எழுத்துப் பலகை, அச்சடித்த பாக்கெட், பில் புத்தகம் போன்ற செலவு பிடித்தவற்றை லோகோ முடிந்தபின் செய்துகொள்ளலாம்.

5. நாலைந்து மாடல் போட்டுக் காட்டுங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்கிறோம் என்றால் ஏன் தயங்குகிறீர்கள்?

ஐந்தாகக் காட்டினால் பேச்சு "எது பிடிக்கிறது" என்று போய்விடுகிறது. ஒன்றின் எழுத்து, இன்னொன்றின் படம், மூன்றாவதின் நிறம் என்று சேர்க்கச் சொல்வதில்தான் அந்தப் பேச்சு அநேகமாக முடியும். வரையும்போது இருபது முப்பது வழிகளைப் பார்ப்பது வடிவமைப்பாளரின் கடமை. அவற்றைச் சலித்து, உங்கள் தேவைக்குப் பொருந்தும் இரண்டு அல்லது மூன்றை, ஏன் பொருந்துகின்றன என்ற காரணத்தோடு காட்டுவதும் அவர் கடமைதான். எத்தனை வடிவங்கள், எத்தனை முறை திருத்தம் என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கருத்துச் சொல்லும்போது "இன்னும் கொஞ்சம் பளிச்சென்று" என்பதைவிட "எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால் பெயர் படிக்க முடியவில்லை" என்று சொல்வது பயன்படும். தீர்வை எங்களிடம் விட்டுவிட்டுக் குறையைச் சொல்லுங்கள்.

6. லோகோ தமிழில் இருக்கட்டுமா, ஆங்கிலத்தில் இருக்கட்டுமா?

தமிழ்நாட்டில் கடை வைத்திருந்தால் தமிழ் வடிவம் இல்லாமல் முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948இன் 15ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும் என்றும், மற்ற மொழிகளில் எழுதினால் அவை தமிழுக்குக் கீழே வர வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு 5:3:2 என்ற விகிதத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்பது அரசு வலியுறுத்தும் அளவு.

விதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பெரும்பாலான வேலைகள் ஆங்கில லோகோவை முடித்துக்கொண்டு, பலகை மாட்டும் நாளில் "தமிழிலும் போட்டுவிடுங்கள்" என்று பலகைக்காரரிடம் விட்டுவிடுவதில்தான் முடிகின்றன. அவர் கையிலிருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவில் பெயரைத் தட்டி, ஆங்கிலத்தின் நீளத்துக்குப் பொருந்தும்படி அதைப் பக்கவாட்டில் நெரித்து வைக்கிறார். தெருவில் மேலே, பெரிதாக, எல்லோரும் படிக்கும் இடத்தில் நிற்கப்போவது அந்த நெரிந்த எழுத்து. நம் மொழியில் நம் கடையின் பெயரை இவ்வளவு அக்கறையின்றி எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. முதலில் தமிழ்ப் பெயரை வரைந்து, அதன் கோட்டுத் தடிமனையும் வளைவையும் பார்த்து ஆங்கிலத்தை அமைத்தால் இரண்டும் ஒரே கையில் எழுதியவைபோல் நிற்கும். ஆங்கில எழுத்துகள் எளிய வடிவங்கள் என்பதால் தமிழுக்கு இணங்கிப் போவது எளிது. தலைகீழாகச் செய்தால் சிரமம்.

7. தமிழ் ஃபான்ட் எத்தனையோ இருக்கிறதே, ஒன்றை எடுத்துப் பெயரைத் தட்டினால் போதாதா?

தொடங்கப் போதும். கட்டமரன், மீரா இனிமை, முக்த மலர், ஹிந்த் மதுரை, அனேக் தமிழ், பாலு தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு லோகோ செய்து வணிகத்துக்குப் பயன்படுத்த அந்த உரிமம் இடம் தருகிறது. மற்ற எழுத்துருக்களுக்கு உரிமத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். இலவசமாக இறக்கிக்கொள்ளக் கிடைப்பதெல்லாம் வணிகத்துக்கு இலவசம் ஆகிவிடாது. ஆனால் அதே எழுத்துருவில் பக்கத்துக் கடையும் பெயர் எழுதலாம். ஆகவே எழுத்துருவிலிருந்து தொடங்கினாலும் ஓரிரு எழுத்துகளையாவது உங்களுக்கென்று மாற்றி வரைய வேண்டும்.

தமிழுக்கே உரிய சில இடங்களில் கவனம் வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லாததால் முதலெழுத்தை எடுப்பாகக் காட்ட அளவையும் தடிமனையும்தான் நம்ப வேண்டும். இ, ஐ, ஞ, ணி போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் மையால் அடைந்துபோகும். தடித்த எழுத்தில் இது இன்னும் மோசம். கி, கீ மேலே போகும். கு, கூ கீழே இறங்கும். இதனால் இரண்டு வரியாக எழுதும் பெயர்களில் வரிகள் இடித்துக்கொள்ளும். புள்ளி தனிக் கவலை. எழுத்துருவில் இருக்கும் புள்ளி பெரும்பாலும் லோகோவுக்குச் சிறியது. ஆக்ரிலிக் அல்லது எல்.இ.டி. பலகையில் அது தனித் துண்டாக ஒட்டப்படுவதால் சில மழைக்காலம் போனதும் உதிர்ந்து, கண்ணன் "கணணன" ஆகிவிடுவதை எந்தக் கடைத்தெருவிலும் பார்க்கலாம். புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக வரைவதும், எழுத்துக்குப் பின்னால் ஒரு தகட்டை வைத்து அதோடு சேர்த்துப் பொருத்தச் சொல்வதும் இதைத் தடுக்கும்.

8. எத்தனை நிறம் வைக்கலாம்? ஜோசியர் எங்களுக்குப் பச்சைதான் ராசி என்றார்.

ஒன்று அல்லது இரண்டு. நிறம் கூடக்கூடச் செலவும் கூடும். பாக்கெட்டை ரோட்டோகிராவூர் என்ற உருளை அச்சு முறையில் அச்சடித்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் வெட்ட வேண்டும்; துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் வலை கட்டிய ஒரு சட்டகம் வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரைந்து போகும் வண்ணக்கலவையை ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தால் செய்யவே முடியாது.

ராசி நிறத்தைப் பற்றி வடிவமைப்பாளர்கள் சிரிக்க வேண்டியதில்லை. உரிமையாளருக்கு அது மனநிறைவு தரும் என்றால் அதுவும் ஒரு தேவைதான். நான் பார்ப்பது ஒன்றை மட்டும்: உங்கள் தெருவில், உங்கள் தொழிலில் எல்லோரும் பச்சையா? அப்படியென்றால் பச்சைக்குள்ளேயே வேறு ஓர் அடர்த்தியைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது பச்சையைத் துணை நிறமாக வைத்துக்கொள்ளலாம்.

9. கணினியில் பார்த்தபோது பளபளவென்று இருந்த நிறம் அச்சில் மங்கிவிட்டதே?

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகளின் கலவை அது. அச்சு, காகிதத்தின்மேல் படியும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகளால் நிறம் காட்டுகிறது. திரையில் தெரியும் கூர்மையான பச்சையும் ஆரஞ்சும் நீலமும் அந்த நான்கு மையில் கிடைக்காது. ஆகவே நிறத்தைத் திரையில் முடிவு செய்யாமல், அச்சடித்த நிறப்பட்டையைப் பார்த்து முடிவு செய்து, மைகளின் விழுக்காட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசியில் ஒரு முறையும் உங்கள் ஊர் ஆப்செட்டில் ஒரு முறையும் அடித்தால் வரும் வேறுபாட்டைக் குறைக்க அந்தக் குறிப்பு ஒன்றே வழி.

10. பலகையில் நன்றாக இருக்கிறது, பில்லில் கறுப்புத் திட்டாக விழுகிறது. என்ன செய்வது?

இது வரையும்போதே பார்த்திருக்க வேண்டியது. கடைகளில் இருக்கும் 2 இன்ச் பில் இயந்திரம் கறுப்பு ஒன்றையே அறியும். 58 மில்லிமீட்டர் தாளில் அது அச்சடிக்கும் அகலம் சுமார் 48 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்ற கணக்கில் மொத்தம் 384 புள்ளி. இவ்வளவுக்குள் உங்கள் சின்னமும் பெயரும் அடங்க வேண்டும். சாம்பல் நிறமும் நிழலும் அங்கே சிதறிய புள்ளிகளாகிவிடும். அதனால்தான் லோகோவை முதலில் கறுப்பு வெள்ளையில் முடித்துவிட்டு, பிறகே நிறத்துக்குப் போக வேண்டும் என்று சொல்கிறோம்.

நான் எந்த வடிவத்தையும் சில இடங்களில் வைத்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை. பில் தாளில், ரப்பர் ஸ்டாம்பில், வாட்ஸ்அப்பின் வட்டப் படத்துக்குள், பலகையின் அளவில் எதிர்ச்சாரியிலிருந்து. துணித் தொழிலில் இருப்பவர்கள் நெய்த லேபிளிலும் எம்பிராய்டரியிலும் பார்க்க வேண்டும், மெல்லிய கோடு நூலில் நிற்காது. அகலமான பெயர் வட்டத்துக்குள் அடங்காது என்பதால், பெயரிலிருந்து ஓர் எழுத்தையோ சின்னத்தையோ மட்டும் எடுத்துச் சுருக்க வடிவம் ஒன்றும் செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை: இரண்டு முறை பார்த்த ஒருவர் அதை நினைவிலிருந்து பேனாவால் ஓரளவு வரைந்துவிட முடியுமா? நாடெங்கும் விலைச்சீட்டில் கையால் எழுதப்படும் ரூபாய்க் குறியீடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்ட அதை வரைந்தவர், தமிழ் எழுத்துருவியலில் மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வு செய்த உதயகுமார். தேவநாகரி "ர"வும் ரோமன் "ஆர்" எழுத்தும் சில கோடுகளில் அதில் கலந்திருக்கின்றன.

11. போர்டுக்காரர் கோரல் ஃபைல் கேட்கிறார், என்னிடம் வாட்ஸ்அப்பில் வந்த படம்தான் இருக்கிறது. போதாதா?

போதாது. வாட்ஸ்அப்பில் வரும் ஜேபெக் படம் சிறு சதுரங்களால் ஆனது; பெரிதாக்கினால் ஓரங்கள் பல்லிளிக்கும். கோடுகளின் வடிவத்தையே கணக்காகச் சேமித்திருக்கும் வெக்டர் கோப்புதான் எந்த அளவுக்கும் போகும். எனவே வேலை முடிந்ததும் வெக்டர் வடிவில் பி.டி.எஃப்., எஸ்.வி.ஜி. கோப்புகளையும், நம் ஊர் அச்சகங்களும் பலகைக்காரர்களும் கோரல் ட்ரா என்ற வரைகலை மென்பொருளையே பெரிதும் நம்புவதால் பழைய பதிப்பிலும் திறக்கும்படி சேமித்த கோரல் கோப்பையும், பின்புலம் இல்லாத பி.என்.ஜி. படத்தையும் கேட்டு வாங்குங்கள். முழு நிறம், ஒற்றைக் கறுப்பு, அடர்ந்த பின்புலத்துக்கான வெள்ளை, 10ஆம் கேள்வியில் சொன்ன சுருக்க வடிவம் ஆகிய நான்கும் அவற்றில் இருக்க வேண்டும்.

தமிழ் லோகோவில் எழுத்துகள் எல்லாம் கர்வ்ஸ் ஆக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள். பாமினி, ஸ்ரீலிபி போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டிய பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறும். யூனிகோடில் தட்டியது, தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாத பழைய மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். கர்வ்ஸ் ஆக்கிவிட்டால் இரண்டு சிக்கலும் இல்லை.

12. காசு கொடுத்தாயிற்று. இனி லோகோ எனக்குத்தானே சொந்தம்?

எழுத்தில் இல்லையென்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி ஒரு கலைப் படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதைப் படைத்தவர்தான். உங்கள் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் தம் பணியின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை நிறுவனத்துக்கு. தனியாகத் தொழில் செய்யும் வடிவமைப்பாளர் வரைந்தால், அவர் உங்களுக்கு உரிமையை எழுதிக் கையெழுத்திட்டு மாற்றித் தர வேண்டும்.

அந்தத் தாளில் இரண்டு சொற்கள் விடுபட்டால் பின்னால் தொல்லை. காலம் எவ்வளவு என்று குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கே என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டத்தின் 19ஆம் பிரிவு கொள்கிறது. "பதிப்புரிமையின் முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்று எழுதி வாங்குங்கள். நேர்மையான வடிவமைப்பாளர் யாரும் இதற்குத் தயங்க மாட்டார். பணம் முழுதும் கொடுத்தபின்பே மாற்றித் தருவேன் என்று அவர் சொல்வதும் நியாயம்.

13. டிரேட்மார்க் எப்போது பதிய வேண்டும்? எவ்வளவு ஆகும்?

பலகை மாட்டுமுன் தேடுங்கள், முடிவானவுடன் விண்ணப்பியுங்கள். வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் பெயரைக் கொண்டும், ஒலி ஒற்றுமையைக் கொண்டும், உருவங்களுக்கான வியன்னா குறியீட்டைக் கொண்டும் கட்டணமின்றித் தேடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருந்தாலும் விண்ணப்பத்தை இணையம் வழியாகவே தரலாம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு இணையக் கட்டணம் ஒரு வகுப்புக்கு, அதாவது பொருள்களையும் சேவைகளையும் பிரித்திருக்கும் பட்டியலில் ஒரு பிரிவுக்கு, 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். மொத்தம் 45 வகுப்புகளில் சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பு, மசாலாவும் இனிப்பும் காப்பித்தூளும் 30, ஆயத்த ஆடை 25, உணவகச் சேவை 43. இனிப்பை விற்று, உட்கார்ந்து சாப்பிடவும் இடம் வைத்திருப்பவர் 30, 43 இரண்டையும் யோசிக்க வேண்டும்.

பதிவகம் ஆய்ந்து ஆட்சேபம் எழுப்பினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஏற்றபின் பதிவகத்தின் இதழில் வெளியிடுவார்கள். நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்காவிட்டால் பதிவாகும். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். லோகோவை நிற வரம்பு இல்லாமல் கறுப்பு வெள்ளையில் பதிந்தால் எல்லா நிறங்களுக்கும் பதிந்ததாகவே சட்டம் கொள்ளும். நாளை நிறத்தை மாற்றினாலும் பாதுகாப்பு நிற்கும். "சுத்தமான செக்கு எண்ணெய்" போலப் பொருளின் தன்மையை மட்டும் சொல்லும் பெயருக்குத் தனியுரிமை கிடைப்பது அரிது என்பதையும் பெயர் வைக்கும்போதே நினைவில் கொள்ளுங்கள்.

14. பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் "ஆர்" போடலாமா?

பதிவுச் சான்று கையில் வந்தபின் மட்டும் போடலாம். பதியாத சின்னத்தைப் பதிந்ததாகக் காட்டுவது சட்டத்துக்கு மாறானது. விண்ணப்பித்துக் காத்திருக்கும் காலத்தில் "டி.எம்." என்ற எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம். பில்லிலும் வட்டப் படத்திலும் அதுவும் திட்டாகிவிடும் என்பதால் அங்கே விட்டுவிடுங்கள்.

15. குலசாமி படம் வைக்க ஆசை. கோபுரம், அசோகச் சக்கரம் இவையெல்லாம் வைக்கலாமா?

அரசுச் சின்னங்களிலிருந்து தொடங்குவோம். சின்னங்கள் மற்றும் பெயர்கள் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம், 1950, தேசியக் கொடி, மத்திய மாநில அரசுகளின் சின்னங்கள், காந்தியடிகளின் பெயர், உருவம் ஆகியவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது; நான்முகச் சிங்கச் சின்னத்துக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. தமிழ்நாடு அரசின் சின்னத்தில் கோபுரம் இருப்பதால், கோபுரம் வரைவோர் அதை ஒத்துப்போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

தெய்வ உருவத்தைப் பதிவது கடினம். ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் தமக்கு மட்டும் உரியதாக்கிக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. பதிவை விடுங்கள், பாக்கெட் வாங்கியவர் அதைக் கிழித்துக் குப்பையில் போடுவார், யாரோ மிதிப்பார்கள். குலசாமி மீது பற்றுள்ளவர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்கிறார்கள். வேல், அரிவாள், குதிரை, ஆலமரம் என்று அந்தக் கோயிலோடு தொடர்புடைய ஒன்றை எளிய வடிவாக்கலாம். படத்தைக் கல்லாவுக்கு மேலே மாட்டிக்கொள்ளலாம்.

16. ஆப்பிலும் ஏ.ஐ.யிலும் ஒரு நிமிடத்தில் லோகோ வருகிறதே, பிறகு நீங்கள் எதற்கு?

யோசனைகளைப் பார்க்க அவை உதவும். அப்படிப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆப்பில் இருக்கும் வார்ப்புரு உங்களுக்குக் கிடைப்பதுபோல் எல்லோருக்கும் கிடைக்கும். அதை உங்களுக்கு மட்டும் உரியது என்று சொல்லிப் பிறரைத் தடுக்க முடியாது. ஏ.ஐ. தரும் படங்களில் தமிழ் எழுத்துகள் அடிக்கடி உருக்குலைந்து, இல்லாத சுழிகளோடு வருகின்றன. மேலும் "எண்ணெய்க் கடைக்கு லோகோ" என்று கேட்டால் பெரும்பாலும் அது தருவது, 2ஆம் கேள்வியில் சொன்ன அதே துளியும் இலையும்தான். எடுத்துக்கொள்வதாக இருந்தாலும் 13இல் சொன்ன தேடலைச் செய்து, மீண்டும் வெக்டராக வரைந்தே பயன்படுத்த வேண்டும்.

17. நைக்கி லோகோவுக்கே 35 டாலர்தான் கொடுத்தார்களாம். நீங்கள் ஏன் இவ்வளவு கேட்கிறீர்கள்?

உண்மைதான். 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி அதை வரைந்து 35 டாலர் பெற்றார். பிறகு 1983இல் அந்நிறுவனமே அவருக்குப் பங்குகளைக் கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கோட்டுக்குப் பெருமை வந்தது அதைத் தாங்கிய காலணிகளாலும் அந்நிறுவனம் பல ஆண்டுகள் அதை விடாமல் காட்டியதாலும்.

கட்டணத்தை ஒப்பிடும்போது எதற்கெல்லாம் சேர்த்து என்று கேளுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டும் வரைதல், சோதனை அச்சு, எல்லாக் கோப்புகளும், உரிமை மாற்றம் ஆகியவை அடங்கிய தொகையும், ஒரு ஜேபெக் படத்துக்கான தொகையும் ஒன்றாக இருக்க முடியாது. கையிருப்பு குறைவு என்றால் சின்னம் வேண்டாம், பெயரெழுத்தை மட்டும் வரைந்து தாருங்கள் என்று கேளுங்கள். அது குறைந்த செலவில் முடியும், 1ஆம் கேள்வியில் சொன்னபடி பலருக்கு அதுவே போதும்.

18. தாத்தா காலத்து லோகோ இது. பிள்ளைகள் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

முதலில், வாடிக்கையாளர்கள் எதைக் கொண்டு உங்களை அறிகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், 2010 அக்டோபரில் தன் பழைய நீலச் சதுர லோகோவை எடுத்துவிட்டுப் புதியதை வெளியிட்டது. எதிர்ப்பு வலுத்ததால் ஒரு வாரத்துக்குள் பழையதற்கே திரும்பியது. பழக்கப்பட்ட முகத்தைக் காரணமின்றி மாற்றினால் மக்கள் அதை இழப்பாகவே உணர்கிறார்கள்.

பெரும்பாலும் மாற்ற வேண்டியதில்லை, துலக்கினால் போதும். பழைய பலகைகளில் கையால் எழுதிய எழுத்துகளுக்கு இன்றைய எழுத்துருக்களில் இல்லாத அழகு உண்டு. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் எழுதிய பலகையாக இருந்தால் துதிக்கைபோல் வளைந்த பழைய "லை", "னை" வடிவங்களும் அதில் இருக்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் அவை தட்டச்சில் வரா. பலகையைப் படமெடுத்து, கோடு கோடாக வரைந்து மீட்க வேண்டும். அப்படி மீட்கும்போது நெரிந்த இடைவெளிகளைச் சரிசெய்யலாம், அடைந்த சுழிகளைத் திறக்கலாம், பில்லுக்கும் வட்டப் படத்துக்கும் சுருக்க வடிவம் சேர்க்கலாம். பார்ப்பவர் மாற்றத்தைக் கவனிக்காமல் "பலகை புதுசா?" என்று மட்டும் கேட்டால் வேலை சரியாக நடந்திருக்கிறது.

பதிவான சின்னம் என்றால், அதன் அடையாளத்தைப் பெரிதும் பாதிக்காத சிறு திருத்தத்தையே பதிவேட்டில் செய்ய முடியும்; அதற்கு மேல் மாற்றினால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இதுவரை பதியவே இல்லையென்றால், அந்தச் சின்னத்தை உங்கள் குடும்பம் எப்போதிலிருந்து பயன்படுத்துகிறது என்பதற்கான சான்று மிகவும் தேவைப்படும், ஏனென்றால் பின்னால் வந்து பதிந்தவரைக் காட்டிலும் முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்துபவரின் உரிமையைச் சட்டம் காக்கிறது. ஆகவே புதிய லோகோ வந்த மகிழ்ச்சியில் பழைய பில் புத்தகம், விலைப்பட்டியல், காலண்டர், துணிப்பை, தேதியுள்ள செய்தித்தாள் விளம்பரம் ஆகியவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஆண்டுக்கு ஒன்றாவது தேதி தெரியும்படி எடுத்து ஒரு கோப்பில் போட்டு, ஒரு படியை வழக்கறிஞரிடமும் கொடுத்து வையுங்கள்.